மருத்துவமனை வாசலுக்கு அப்பால்: தாய்ப்பாலூட்டும் குடும்பங்களும் தொடர் பராமரிப்பும்

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோதான் பிறக்கின்றன. 2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு, இம்மாநிலத்தின் மகப்பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்ததாகப் பதிவு செய்துள்ளது. நாடு முழுவதற்குமான அளவு 88.6 விழுக்காடு. ஆயினும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே அருந்துவோர் இந்திய அளவில் 63.7 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 55 விழுக்காடாகவே உள்ளது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கும் ஒரு மாநிலம், அந்தத் தாய் வீடு திரும்பிய பின் நிகழ வேண்டிய ஒன்றில் நாட்டின் சராசரிக்குக் கீழே நிற்பது ஏன் என்னும் வினாவே இச்சொற்பொழிவின் பொருள்.

தாய்ப்பால் மட்டும் கொடுத்தல் என்பது, பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும் வரை தண்ணீர், தேன், பசும்பால், பால்மாவு என வேறு எதுவும் கொடுக்காமல், மருத்துவர் சொல்லும் மருந்துகள் நீங்கலாகத் தாய்ப்பாலிலேயே குழந்தையை வளர்ப்பதைக் குறிக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குவது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது, அதன்பின் இணை உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர்வது என்பது உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்துள்ள வழிமுறை. இதன் முதற்பகுதி மருத்துவமனையின் கையில் இருக்கிறது. எஞ்சிய அனைத்தும் வீட்டிலும் தெருவிலும் வேலைக்களத்திலும் நிகழ்கின்றன. ஒரு மணி நேரத்துக்குக் காட்டப்படும் அக்கறை, அதைத் தொடரும் எழுநூறு நாட்களுக்குக் காட்டப்படுவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

பால் சுரப்பின் இயல்பை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள இயலாது. மகப்பேற்றுக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் சிறியது; நோயைத் தடுக்கும் பொருட்கள் செறிந்த அந்த மஞ்சள் நிறப் பால், அந்நாட்களில் குழந்தையின் சிறிய இரைப்பைக்குப் போதுமானது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடலில் நிகழும் மாற்றங்களால் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் பால் பெருகத் தொடங்குகிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு இது சற்றுத் தாமதமாகலாம். அதன்பின் எவ்வளவு பால் சுரக்கும் என்பதை முதன்மையாக முடிவு செய்வது குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே ஆகும். குழந்தை சப்பும்போது சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினும், பாலை வெளியே பாய்ச்சும் ஆக்சிடோசினும் தாயின் இரத்தத்தில் கூடுகின்றன. வலியும் அச்சமும் அவமான உணர்வும் ஆக்சிடோசினைத் தற்காலிகமாகத் தடுக்கக்கூடியவை என்பதால், தாயின் மனநிலை என்பது பாலூட்டலுக்கு வெளியே உள்ள செய்தி அன்று.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் சிறிது எடை குறைவதும், ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்பதும், மாலையானால் ஓயாமல் அழுவதும் இயல்பானவை. இவற்றை யாரேனும் முன்கூட்டியே சொல்லியிராத வீட்டில், ஐந்தாம் நாள் இரவு குழந்தை அழும்போது எழும் முதற்சொல் "பால் பத்தல" என்பதாகவே இருக்கிறது. அச்சொல்லைக் கேட்ட தாய் கலங்குகிறார். கடையிலிருந்து பால்மாவு டப்பா வருகிறது. வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடுவது குறைகிறது. உறிஞ்சுவது குறைந்ததால் சுரப்பும் குறைகிறது. சில வாரங்களில், தொடக்கத்தில் உண்மையாக இல்லாத பற்றாக்குறை உண்மையாகவே ஆகிவிடுகிறது. முதல் வாரத்தின் முடிவில் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டியதா என்று பார்த்தாலே பால் போதுமா இல்லையா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். இதைச் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை. சரியான நாளில் அந்த வீட்டுக்குள் வந்து அமரும் ஒருவர் தேவை.

அந்த ஒருவர் வருவதற்கான நேரமும் குறுகியது. சுகப்பிரசவமான தாய் அரசு மருத்துவமனையில் இரண்டு மூன்று நாட்கள் தங்குகிறார். பால் நிறைந்து மார்பு கட்டிக்கொள்ளும் வேளையும், குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால் புண் ஏற்பட்டு ஒவ்வொரு முறையும் உயிர் போகும் வலி உண்டாகும் வேளையும் பெரும்பாலும் அவர் வீடு திரும்பிய பிறகே வருகின்றன. 102 என்னும் தாய் சேய் நல ஊர்தி அவரை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறது. இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் ஊர்தி திரும்பிச் சென்ற பிறகு, கருவுற்றதைப் பதிவு செய்த நாள் முதலே கண்காணித்துவந்த ஒரு பெரிய அமைப்பு, மிகத் தேவையான பத்து நாட்களில் மௌனமாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை உலகம் அறியாமல் இல்லை. 1989இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், மகப்பேறு மருத்துவமனைகள் பின்பற்ற வேண்டிய பத்துப் படிகள் வகுக்கப்பட்டன. 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனை இயக்கத்துக்கு அவையே அடித்தளமாயின. அவற்றுள் பத்தாவது படி, தாய்ப்பாலூட்டும் பெண்களுக்கான ஆதரவுக் குழுக்கள் உருவாக ஊக்கமளித்து, வீடு திரும்பும் தாயை அக்குழுக்களிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்றது. 2018இல் படிகள் திருத்தப்பட்டபோது, பெற்றோருக்கும் குழந்தைக்கும் தொடர்ந்த ஆதரவும் கவனிப்பும் உரிய காலத்தில் கிடைக்குமாறு வீடு திரும்புதலை ஒருங்கிணைக்க வேண்டும் என்று அது விரிவாக்கப்பட்டது. முதல் ஒன்பது படிகளை மருத்துவமனையே செய்து முடிக்கலாம். பத்தாவதற்கு ஊர் வேண்டும். பல நாடுகளில் மிக எளிதாகக் கைவிடப்பட்ட படியும் அதுவே.

தொடர் பராமரிப்பு என்னும் தொடரை இங்கு மூன்று பொருளில் கொள்ளலாம். தாய்க்கு அறிமுகமான ஒரு முகம் மீண்டும் மீண்டும் வருவது முதலாவது. ஓரிடத்தில் எழுதப்பட்ட குறிப்பு அடுத்த இடத்தில் இருப்பவரின் கைக்கு எட்டுவது இரண்டாவது. மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மருந்துக் கடைக்காரர் ஆகியோர் ஒரே செய்தியைச் சொல்வது மூன்றாவது. தமிழ்நாட்டில் இரண்டாவது ஓரளவு உண்டு. கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் வழங்கப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறவும் அந்த எண் தேவைப்படுகிறது. எண் தாயைத் தொடர்ந்து செல்கிறது, முகம் செல்வதில்லை. மூன்றாவதோ இன்னும் அரிது: பிரசவ வார்டில் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கேட்ட தாய், இரண்டாம் வாரத்தில் வேறொரு மருத்துவரிடம் சென்று, எடை போதவில்லை, பால்மாவும் சேர்த்துக் கொடுங்கள் என்னும் சீட்டோடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. முரண்பட்ட அறிவுரைகளுக்கு நடுவே நிற்கும் தாய் இறுதியில் எவரையும் நம்பாத நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

வீடு தேடிச் செல்லும் ஆதரவு உண்மையில் பயன் தருமா என்னும் ஐயத்துக்கு ஆய்வுகள் தெளிவான விடையளித்துள்ளன. டாக்கா நகரில் நடந்து, 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இவற்றுள் முதன்மையானது. அதில் ஆலோசகர்களாக அமர்த்தப்பட்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள் அல்லர். தாமே பாலூட்டி வளர்த்த அனுபவமும் குறைந்தது நான்கு ஆண்டுப் பள்ளிப்படிப்பும் கொண்ட, அதே பகுதியில் வாழ்ந்த தாய்மார்கள். அவர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. கருவுற்ற இறுதி மாதங்களில் இரு முறை, பிறந்த முதல் மாதத்தில் நான்கு முறை, பின்னர் ஐந்தாம் மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை என மொத்தம் 15 முறை அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றனர். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள், ஆலோசகர் சென்ற பகுதிகளில் 70 விழுக்காடு; செல்லாத பகுதிகளில் 6 விழுக்காடு. மருந்தோ கருவியோ இல்லாமல், அண்டை வீட்டுப் பெண் ஒருவரின் வருகையால் மட்டும் இத்தகைய வேறுபாடு உண்டாவது பொதுச் சுகாதார வரலாற்றில் மிக அரிது.

மெக்சிகோ நகரின் புறப்பகுதி ஒன்றில் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, வருகைகளின் எண்ணிக்கைக்கும் பயனுக்கும் உள்ள உறவைக் காட்டியது: மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள், ஆறு வருகை பெற்ற குழுவில் 67 விழுக்காடு, மூன்று வருகை பெற்ற குழுவில் 50 விழுக்காடு, வருகையே இல்லாத குழுவில் 12 விழுக்காடு. இந்தியாவில் ஹரியானா மாநிலச் சிற்றூர்களில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு வேறொரு வகையில் இன்றியமையாதது. அங்குப் புதிய ஆட்களை அமர்த்தாமல், ஏற்கெனவே இருந்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சியளித்தே, மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுப்போர் 48 விழுக்காட்டுக்கு எதிராக 79 விழுக்காடாக உயர்ந்ததும், வயிற்றுப்போக்கு குறைந்ததும் கண்டறியப்பட்டன. அமைப்பு இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் தரப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து தமிழ்நாடு கொள்ள வேண்டிய பாடம்.

இனித் தமிழ்க் குடும்ப அமைப்புக்கே உரிய ஒரு கூறு விரிவாகப் பேசப்பட வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கு நிலைபெற்ற வழக்கம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவரப்படும் பெண், குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோதான் கணவன் வீடு திரும்புகிறார். இவ்வழக்கத்தின் உள்ளே, உலகம் இன்று திட்டமிட்டு உருவாக்க முயலும் பல நன்மைகள் ஏற்கெனவே அமைந்துள்ளன: வீட்டு வேலையிலிருந்து விடுதலை, இரவில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் பாட்டியும் சித்தியும், குளிப்பாட்டுவதில் தேர்ந்த கை, நேரத்துக்குச் சூடான உணவு. பூண்டும் முருங்கைக்கீரையும் சுறாப்புட்டும் பாலைப் பெருக்கும் என்னும் நம்பிக்கையை ஒவ்வொன்றாக ஆய்ந்து நிறுவுவது கடினம் என்றாலும், பிள்ளை பெற்றவள் நன்றாக உண்ண வேண்டும், அவளுக்கென ஒருவர் சமைக்க வேண்டும் என்னும் அந்த அக்கறை முற்றிலும் சரியானது.

இதே வழக்கத்தில் களைய வேண்டியவையும் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்கும் சேனை, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதல், பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரைக் குறைத்தல் ஆகியவை தீங்கு பயப்பன. இவற்றை அறியாமை என்று ஏளனம் செய்து சுகாதாரப் பணியாளர் வெளியேறிவிட்டால், பாட்டி அவருக்கு எதிரியாகிறார். முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் பாட்டியிடம் இருப்பதால், தோற்பது பணியாளரே. சேனையை மறுப்பதற்குப் பதில் முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்கும் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படைப்பதும், சீம்பாலை அவர் அறிந்த சொற்களிலேயே விளக்குவதும் பயன் தரும் வழிகள். தமிழ் வீடுகளில் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும் சிறு கிண்ணம், புட்டிக்கு மாற்றாக, குறைமாதக் குழந்தைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்டும் கருவியாக இன்று மருத்துவமனைகளில் ஏற்கப்பட்டுள்ளது. பாட்டிமாரின் அறிவுக்கு மருத்துவம் அளித்த மதிப்பான இடம் அது.

ஆனால் தாய்வீட்டு வழக்கமே தொடர் பராமரிப்பில் ஒரு பெரும் முறிவையும் உண்டாக்குகிறது. கருவுற்ற காலத்தில் பெண்ணை அறிந்த கிராம சுகாதார செவிலியர் ஓரூரில். பிறந்த பிறகு பார்க்க வேண்டியவர் வேறோர் ஊரில். ஐந்தாம் மாதம் கணவன் வீடு திரும்பியதும் மீண்டும் மாற்றம். சமவெளியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் பணியாற்றும் செவிலியரால், விருந்தாளியாக வந்துள்ள தாயைத் தம் பதிவேட்டில் உள்ளவரைப் போலவே கவனிக்க முடிவதில்லை. தேசிய வழிகாட்டுதலின்படி மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் செல்ல வேண்டும். இந்த ஆறு நாட்களும் பெண் தாய்வீட்டில் இருக்கும் நாட்களே. மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் நிகழும் இடமாற்றமோ, தாய்ப்பால் மட்டும் கொடுப்பது தளரத் தொடங்கும் காலத்தோடு ஒன்றிப்போகிறது. பழகிய துணையைப் பிரிந்து, வீட்டு வேலை முழுவதையும் மீண்டும் ஏற்று, குழந்தை இளைத்துவிட்டதாகப் பேசும் புதிய குரல்களுக்கு நடுவே நிற்கும் அப்பெண்ணைத் தேடி எவரும் வருவதில்லை. சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைப்புக்காக வந்து, தாய்வீட்டின் துணையோ மாமியாரின் துணையோ இன்றித் தனிக்குடித்தனம் நடத்தும் பெண்களின் நிலை இதனினும் கடினமானது.

பெண்களைத் திரட்டி ஆதரவு வலை பின்னுவது தமிழகத்துக்குப் புதிதன்று. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அந்தந்த ஊர்ப் பெண்களையே பணியாளர்களாக அமர்த்திக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்ததோடு, ஊரிலுள்ள பெண்களைக் குழுக்களாகவும் சேர்த்தது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலத்தின் எல்லாச் சிற்றூர்களிலும் வேரூன்றியுள்ளன. அமெரிக்காவில் 1956இல் ஏழு தாய்மார்கள் தொடங்கிய லா லேச்சே லீக்கும், நார்வேயில் 1968இல் தோன்றிய தாயுதவி இயக்கமும் சாதித்தவற்றைச் செய்யத் தேவையான அடிப்படை, அவற்றைவிட விரிவாக, இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கடனும் சேமிப்பும் பேசும் அதே கூட்டத்தில், பிள்ளை பெற்றிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு இந்த வாரம் யார் செல்வது என்றும் பேசப்பட்டால் போதும். அதற்கான பயிற்சியை அளிப்பதும், சென்றுவருபவருக்கு ஊக்கத்தொகை வழங்குவதும் அரசின் கடமை. பெண்களின் பரிவை ஊதியமில்லா உழைப்பாக எண்ணிப் பயன்படுத்திக்கொள்வது நீதியாகாது.

அடுத்த முறிவு வேலைக்களத்தில் நிகழ்கிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தையும், நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரும் உரிமையையும் வழங்கியது. தமிழக அரசு 2021 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு ஓராண்டு விடுப்பு அளிக்கிறது. ஆனால் கட்டடப் பணியிலும் வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் உள்ள பெரும்பான்மைப் பெண்களை இவ்வுரிமைகள் எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் அவர்களுக்குப் பெரும் துணையே எனினும், ஆறு மாதக் கூலியை அது ஈடுசெய்யாது. ஊரக வேலைத் திட்டப் பணியிடங்களில் ஐந்து சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. மர நிழலில் கட்டிய தூளியும் அதன் அருகே ஒருவரும் இருந்தால் பாலூட்டல் தொடரும் என்னும் எளிய உண்மையை உணர்ந்த விதி அது. 2015இல் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகளும் அத்தகையவையே. அவற்றைப் பூட்டாமலும் தூய்மையாகவும் வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு.

பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுக்க 1992இல் இயற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டம் இந்தியாவில் உண்டு. ஐந்தாம் நாள் இரவில் கலங்கி நிற்கும் தாய்க்கு அருகில் இருப்பது ஆதரவாளரா, விற்பனையாளரா என்பதைப் பொறுத்தே அச்சட்டத்தின் உண்மையான வலிமை அமைகிறது.

எவ்வளவு முயன்றும் பாலூட்ட இயலாத தாய்மார்களும், மருத்துவக் காரணங்களால் பாலூட்டக் கூடாத சிலரும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்கும் பரப்புரை தாய்ப்பாலுக்கும் தீங்கே செய்யும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் அத்தகைய வங்கிகள் இன்று இயங்குகின்றன. மகப்பேற்றுக்குப் பின் சில பெண்களை வாட்டும் மனச்சோர்வு, பால் வரவில்லை என்னும் புலம்பலாகவே முதலில் வெளிப்படலாம் என்பதால், வீட்டுக்கு வருபவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் தாயின் முகத்தைப் பார்க்கப் பழக வேண்டும். தந்தைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் தனியார் துறையில் அவருக்கெனச் சட்டப்படியான விடுப்பு இல்லாத நிலையில், அந்தப் பங்கை வெறும் அறிவுரையால் மட்டும் பெற இயலாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீடு வீடாகக் கொண்டுசேர்க்க இயலும் என்பதைத் தமிழக அரசு நிறுவிக் காட்டியுள்ளது. அதே உறுதியோடு, மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் கையேட்டிலும், அவர் எந்த ஊரிலுள்ள எந்த வீட்டுக்குச் செல்கிறார் என்பதும், மூன்று நாட்களுக்குள் அங்கு வந்து பார்க்கப்போகிறவரின் பெயரும் கைபேசி எண்ணும், அத்தாய் கணவன் வீடு திரும்பும் மாதத்தில் பொறுப்பேற்கப்போகிறவரின் பெயரும் எழுதப்பட்ட பிறகே மருத்துவமனை அவரை அனுப்பிவைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும்.